ஓடாத பிரதி

ஒரு மனிதனின் விலை முப்பத்தாறு மாதச் சம்பளம், கூடவே ஒரு மலர்வளையம். லிப்ட் நிறுவனம் அப்படித்தான் விலை போட்டிருந்தது. மலர்வளையம் வந்து சேர்ந்து, வாடியும் விட்டது. மீதி வருவதற்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.

கையெழுத்துப் போட வேண்டியவள் தராசின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். லிப்ட் குழிக்குள் இறந்துபோன மெக்கானிக்கின் மனைவி. ஆயத்த ஆடைக் கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் தைப்பவள். இடது கட்டைவிரல் முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். சிலவற்றில் ரத்தம் இன்னும் காயவில்லை. குத்தியபோது அவளுக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை.

தராசு என்பது பட்டப்பெயர். எரிந்த குடோன் எது, எரிக்கப்பட்ட குடோன் எது என்று பிரித்துச் சொல்வதற்காக இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மீதி ஆயுளுக்குத் துப்பறியும் அலுவலகம் திறந்த அம்மாள். அவளுடைய உதவியாளன் சில்லறை. பழைய டிவி வாங்கி விற்றுக் கடை மூழ்கியவன். விலைபோகாத ஒரு டிவியோடு இங்கே கரை ஒதுங்கியவன். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு மிச்சம் கொடுக்காமல் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

“சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள புகார்ல கையெழுத்துப் போடணும்,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறவளின் குரல்.

“யார் மேல புகார்?”

“என் கொழுந்தன் மேல. கேமரா மாட்டுற வேலை அவனுக்கு. அன்னிக்கு அதே கட்டடத்துல அவனும் இருந்தான். இவர் குழிக்குள்ள இருந்தப்ப மெயின் சுவிட்சைப் போட்டது அவன்தான். அவனே ஒத்துக்கிட்டான்.”

“அவனே ஒத்துக்கிட்டான்னா எங்களுக்கு இங்க என்னம்மா வியாபாரம்?” என்றான் சில்லறை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். “இதுல ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு கவனக்குறைவு. இன்னொண்ணு வேணும்னே. எதுல டிக் போடறதுன்னு எனக்குத் தெரியணும்.”

சில்லறை படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தான்.

தராசு பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். “வேணும்னே செஞ்சிருப்பான்னு ஏன் தோணுது?”

“அவங்க அப்பா வீட்டை வச்சு அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. அதோட, இவர் சுவிட்சைப் பூட்டாம குழிக்குள்ள கால் வைக்க மாட்டார். ஒரு சாவி இவர்கிட்ட, ஒரு சாவி வேன்ல. வேன் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன், அண்ணன் வேலையை முடிச்சுட்டார்னு நினைச்சேன்னு சொல்றான். நினைச்சானாம். கூப்பிட்டுப் பார்க்க வாய் இல்லையா?”

கோபம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்வி மட்டும் இருந்தது. போனை எடுத்து நீட்டினாள். விசாரணை அலுவலகம் அனுப்பிய கேமராப் பதிவு. மின் அறையைப் பக்கவாட்டில் காட்டும் படம், ஒலி கிடையாது. அறை காலியாக இருக்கிறது. தம்பி தோளில் கேபிள் சுருளோடு வருகிறான். சுவிட்ச் பெட்டி முன்னால் நிற்கிறான். கை மேலே போகிறது. போய்விடுகிறான். பூட்டு இருந்ததா என்று இந்தக் கோணத்தில் தெரியவில்லை.

தராசு அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு பூட்டையும் சாவியையும் எடுத்து, பூட்டைப் பீரோவில் மாட்டிப் பூட்டினாள்.

“சில்லறை, அந்த டிவி வயரைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வந்து இதைத் திற.”

“பீரோவுல என்னக்கா இருக்கு?”

“உன் சம்பளம்.”

அவன் பாய்ந்து வந்தான். சாவியைத் தலைகீழாக நுழைத்தான். வயர் தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போய் சாவி விழுந்தது. குனிந்தான். ஒருவழியாகத் திறந்தபோது உள்ளே ஒரு குடை மட்டும் இருந்தது.

“பூட்டு பழசுக்கா.”

“நீயும்தான். இப்ப அந்தப் பையனைப் பாரு. வந்து நிக்கறான், உடனே கை மேல போகுது. சாவி தேடலை, குனியலை, ரெண்டு கையும் ஒண்ணு சேரலை.” போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். “அங்க திறக்கறதுக்குப் பூட்டே இல்லைம்மா. பொய் சொல்றான். எதுக்காகச் சொல்றான்கறதுதான் பாக்கி. வேற பிரதி ஏதாவது இருக்கா?”

“ஓடாத பிரதி ஒண்ணு இருக்கு.” ஒரு பென் டிரைவை வைத்தாள். “முதல்ல அவன் கையால கொடுத்தது. ஆபீஸுக்கும் இதையேதான் கொடுத்தான். அங்க ஓடலை, திருப்பி வாங்கிக்கிட்டான். அவங்களுக்கு மட்டும் கன்வர்ட் பண்ணிக் கொடுத்தான். எனக்குக் கேட்டா, கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது அண்ணின்னுட்டான்.”

கடைக்குத் திரும்ப வேண்டிய நேரமாகிவிட்டதென்று எழுந்தாள். நாலரை மணிக்குக் கொழுந்தனின் அறைக்கு வரும்படி தராசு சொன்னாள். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

அலுவலகக் கணினியில் பென் டிரைவைப் போட்டார்கள். கறுப்புச் சதுரம். இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது என்று ஒரு மன்னிப்புக் கடிதம்.

“கேமரா ரெக்கார்டர்ல இடம் மிச்சம் பிடிக்க, படத்தை ரொம்ப இறுக்கி மூட்டை கட்டுவாங்கக்கா. பிரிக்கத் தெரியாத கம்ப்யூட்டர் இப்படித்தான் முழிக்கும்,” என்றான் சில்லறை. “என் டிவி அப்படி இல்லை. எதைப் போட்டாலும் தின்னும்.”

“அதான் யாரும் வாங்கலையா?”

“குணத்துக்கு எங்கக்கா மார்க்கெட் இருக்கு?”

டிவியின் பின்னால் பென் டிரைவைச் செருகினான். படம் ஓடியது. இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்தார்கள்.

அறை காலியாக இல்லை.

சுவிட்ச் பெட்டி முன்னால் மெக்கானிக் நின்றிருந்தார். தன் சாவியால் திறந்து, சிவப்புப் பூட்டைக் கையில் எடுத்தார். எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். பூட்டை இடுப்பு பெல்ட்டில் கோத்தார். சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். வந்த வழியே திரும்பிப் போனார். அதன் பிறகுதான் போனில் பார்த்த காலி அறை. மூலையில் ஓடிய கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், போனில் இருந்ததைவிட இதில் இருபது வினாடி அதிகம்.

“ஒரே படம், ரெண்டு நீளமா?” என்றாள் தராசு.

சில்லறைக்கு இது சொந்தத் தொழில். “வீடியோவுல எல்லாமே முழுப் படம் கிடையாதுக்கா. எப்பவாவது ஒரு தடவைதான் முழுப் படம். நடுவுல வர்றதெல்லாம், முன்னாடி இருந்ததுல இது மட்டும் மாறிச்சுன்னு சொல்ற குறிப்பு. நடுவுல எங்கயாவது வெட்டினா, குறிப்பு மட்டும் தனியா நிக்க முடியாது. முந்தின முழுப் படத்தையும் இழுத்துக்கிட்டுதான் வரும். அதை மறைக்க, வெட்டற சாப்ட்வேர் ‘இங்கேர்ந்து காட்டு’ன்னு ஒரு சீட்டை ஒட்டிவிடும். ஒழுங்கான பிளேயர் சீட்டைப் படிச்சு அதுபடி காட்டும். நம்ம டிவிக்குப் படிப்பு வாசனை கிடையாது.”

“கன்வர்ட் பண்ணினா?”

“புதுசா உட்கார்ந்து எழுதும். சீட்டுக்கு முன்னாடி இருக்கறது அத்தோட காலி.”

“அப்ப ஊர்ல சுத்தற பிரதி எல்லாத்துலயும் இவர் இல்லை. ஓடாத பிரதியில மட்டும் இருக்கார்.”

“விஷயம் முடிஞ்சுதுக்கா. தம்பி தன் குத்தத்தை மறைக்க வெட்டியிருக்கான்.”

“எதை வெட்டினான்னு மட்டும் பார்க்காதே. எதை விட்டு வச்சான்னு பாரு. அவன் சுவிட்சு போடறது அப்படியே இருக்கு. பூட்டைக் கழட்டினது அவன் இல்லைங்கற சாட்சியைத்தான் வெட்டியிருக்கான். கடையை உடைச்சவன் கல்லாவைத் தொடாம, தன் போட்டோவை வச்சுட்டுப் போவானா?”

“தேர்தல்ல நிக்கறவனா இருந்தா போவான்.”

தராசு குடையை எடுத்துக்கொண்டாள். வெளியே மழை இல்லை. பழக்கம்.

கட்டடம் பஸ் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. ஆறு மாடி, பல் மருத்துவர்களும் கணக்காளர்களும் வாடகைக்கு இருக்கும் சாதாரணக் கட்டடம். லிப்ட் வாசலில் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தார்கள். மேல் மாடிக்காரர்கள் மூச்சு வாங்கியபடி படியேறிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைவிட நடக்க வேண்டியிருந்ததுதான் அவர்களுக்கு வருத்தம்.

மின் அறைக் கதவில் ஒரு போஸ்டர். அதில் இறந்தவரே சிரித்துக்கொண்டு நின்றார், கையில் சிவப்புப் பூட்டோடு. பூட்டைக் கழற்றியபின் குழியில் இறங்காதே என்று கீழே கொட்டை எழுத்து.

“இந்தப் போஸ்டர் எல்லா லிப்ட் ரூம்லயும் உண்டு,” என்றார் வாட்ச்மேன். “எங்களுக்கெல்லாம் அவர்தான் கிளாஸ் எடுத்தார். பூட்டு கழண்டா குழி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதேம்பார். அப்படிப்பட்ட மனுஷன். கூடப் பொறந்தவனே இப்படிப் பண்ணிட்டான்.”

“அவர் பை எங்க இருந்துது?”

“இதோ, இந்த மூலையில. ஜிப் போட்டு ரெடியா இருந்துது.”

“கையில என்ன இருந்தது?”

“டார்ச்சு. தூக்கினப்பவும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. நான்தான் அணைச்சேன்.” அதைச் சொன்னபோது அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் சில்லறை மெதுவாகச் சொன்னான். “வேலை முடிஞ்சிருக்கு. ஸ்பானரெல்லாம் பைக்குள்ள. பூட்டையும் கழட்டிட்டார். டார்ச்சைக் கீழயே விட்டுட்டோம்னு ஞாபகம் வந்திருக்கு. ஒரு நிமிஷந்தானேன்னு திரும்ப இறங்கியிருக்கார்.”

“தம்பி வந்தான். பூட்டு இல்லை, பலகை இல்லை, பை கட்டியாச்சு. வேலை முடிஞ்சுதுன்னு சுவிட்சைப் போட்டான். போஸ்டர்ல இருக்கறவர் போஸ்டர்ல இருக்கறதைக் கேட்கலை.” தராசு குடையைக் கக்கத்தில் மாற்றினாள். “இது நிறுவனத்துக்குத் தெரிஞ்சா, சொந்தத் தப்புன்னு எழுதுவாங்க. முப்பத்தாறு மாசமும் போச்சு. மலர்வளையத்துக்கே பில் அனுப்பினாலும் ஆச்சரியம் இல்லை.”

கேமராக்காரனின் அறை ஒரு லாண்டரிக்கு மேலே இருந்தது. கீழிருந்து இஸ்திரி வாசனை ஏறி வந்தது. கேமராப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, அதன் வயிற்றுக்கு நேராக ஒரு மேஜை மின்விசிறியை வைத்திருந்தான். திரையில் ஏதோ பள்ளி ஆண்டுவிழாப் படம் வேறு வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தது; பச்சைக் கோடு கடைசி அங்குலத்தில் நின்றது.

அவன் எழுந்திருக்கவில்லை. முப்பது வயது இருக்கும். சவரம் செய்த முகம். ஆனால் ஒரு கன்னத்தில் மட்டும்.

“உங்க அண்ணி அனுப்பினாங்க,” என்றாள் தராசு.

“நான்தான் போட்டேன். எழுதியே கொடுத்துட்டேனே.”

“அது கிடக்கட்டும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகுதாமே?”

“ஆமா. சூடாயிடும். கடைசில வந்து நின்னுடும்.”

டிங் என்று ஒரு சத்தம் வந்தது. பச்சைக் கோடு முழுமையடைந்து, வேலை முடிந்தது என்று திரை அறிவித்தது.

“அது எவ்வளவு நேரப் படம்?”

“ரெண்டரை மணி நேரம்,” என்றவன் நிறுத்திக்கொண்டான்.

“ஆண்டுவிழா மொத்தத்தையும் முழுங்கிடுச்சு. ஆபீஸுக்குக் கொடுத்த பிரதியையும் ஒழுங்கா முடிச்சுது. அண்ணியோட ஒரு நிமிஷப் படத்துக்கு மட்டும் தொங்கிடுச்சு,” என்றான் சில்லறை. “வியாதியும் இப்பல்லாம் ஆள் பார்த்துதான் வருது போல.”

அவன் மின்விசிறியை அணைத்தான். சட்டென்று அறை பெரிதான மாதிரி இருந்தது.

“எதுல பார்த்தீங்க?”

“டிவியில.”

“டிவியை மறந்துட்டேன்.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “கம்ப்யூட்டர் மூணு, போன் நாலு வச்சு செக் பண்ணினேன்.”

“ரெக்கார்டர் டிஸ்க்கு?”

“உடைச்சுட்டேன்.”

“பூட்டு?”

“அண்ணன் பெல்ட்ல இருந்தது. வெளிய தூக்கறப்ப நான்தான் உருவி என் ஜேபில போட்டுக்கிட்டேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்னு நினைக்கறேன். நினைச்சு எதுவும் செஞ்ச மாதிரி இல்லை. கை செஞ்சுது.”

“எதுக்குப்பா?” என்றாள் தராசு. விசாரிக்கிற குரலை அவள் வாசலிலேயே விட்டுவிட்டிருந்தாள்.

“எல்லா லிப்ட் ரூம் கதவுலயும் அவர் சிரிச்சுக்கிட்டு இருக்கார். அந்தப் போஸ்டரையெல்லாம் கிழிப்பாங்க. அண்ணிக்கும் ஒண்ணும் தர மாட்டாங்க. சுவிட்சைப் போட்டது என் கைதானே? அதுல பொய் இல்லையே. பூட்டை மட்டும் சேர்த்துக்கிட்டேன்.”

படியில் செருப்புச் சத்தம். அவள் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கழற்றி வைக்க மறந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

தராசு பென் டிரைவை அவனிடமே கொடுத்தாள். “நீங்களே போடுங்க. சீட்டை எடுத்துட்டுப் போடுங்க.”

அவனுக்குப் புரிந்தது. இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாவது முறை சரியாகத் தட்டினான். இருபது வினாடிகள் ஓடின. சிவப்புப் பூட்டு, பலகை, பெல்ட். சட்டைப் பையைத் தட்டும் கை. திரும்பிப் போகும் முதுகு. “டார்ச்சைக் கீழயே விட்டுட்டார். அதை எடுக்கத்தான் போறார்,” என்றாள் தராசு.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவள் முகத்தில் ஒன்றும் கிடைத்திருக்காது.

“வீட்லயும் இப்படித்தான்,” என்றாள். “வாசலைப் பூட்டிட்டு ஜேபைத் தட்டுவார். மறுபடி திறப்பார். தினம்.”

இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டான். பிறகு அவனிடம் சொன்னாள்.

“மடிச்சுத் தைச்சிருக்கே.”

“என்ன அண்ணி?”

“பேன்ட் நீளத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுப்பாங்க. வளர்ற பிள்ளையோடதா இருந்தா நான் வெட்ட மாட்டேன். உள்ள மடிச்சு விட்டுடுவேன். வேணும்னா பின்னாடி பிரிச்சுக்கலாம். இதையும் உள்ள மடிச்சு வச்சிருக்கே. ஆபீஸ் பிரதியை வெட்டத் தெரிஞ்சவனுக்கு என்னோடதை வெட்டத் தெரியலையா?”

அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். “கம்ப்யூட்டர் நிக்கலை அண்ணி. மூணு தடவை கன்வர்ட் போட்டேன். மூணு தடவையும் முடியப் போறப்ப நான்தான் நிறுத்தினேன். அவங்க பிரதியில அண்ணன் இல்லை. டிஸ்க்கும் இல்லை. உங்களுக்கும் அதையே கொடுத்துட்டா, அவர் கடைசியா நின்ன இடம் எங்கயுமே இருக்காது. ஓடாததைக் கொடுத்தா நீங்க பார்க்கவும் மாட்டீங்க, தூக்கியும் போட மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

“தூக்கிப் போடலை.”

“இப்பப் பார்த்துட்டீங்க இல்ல. போதும். அழிச்சிடுங்க. கவனக்குறைவுல டிக் போடுங்க அண்ணி. ரெண்டு வருஷம்னு சொன்னாங்க. போயிட்டு வந்துடறேன்.”

கீழே லாண்டரியில் யாரோ சட்டைகளின் எண்ணிக்கை குறைகிறதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படிவத்தை எடுத்தாள். இரண்டு கட்டங்களையும் பார்த்தாள். பேனாவைக் கேட்கவில்லை. நான்காக மடித்துப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, பென் டிரைவைக் கணினியிலிருந்து தானே உருவினாள்.

“இதை ஆபீஸ்ல கொடுக்கணும்,” என்றாள் தராசிடம். “அங்க ஓடாது. உங்க டிவியை எடுத்துட்டு வர முடியுமா?”

“தலையில வச்சுத் தூக்கிட்டு வர்றேம்மா,” என்றான் சில்லறை.

“அண்ணி, அண்ணன் பேரு!”

“அவர் பேரை அவர் பார்த்துக்கட்டும்.”

“பணமும் வராது.”

“எனக்கு ஊசி இருக்கு.”

“அண்ணி...”

“சட்டையை மாத்து. மிச்சக் கன்னத்தையும் வழி. நீயும் வரணும், இதை எப்படி வெட்டினேன்னு உன் வாயால சொல்லணும்.” கழுத்திலிருந்த நாடாவை அப்போதுதான் கவனித்து, உருவிச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டியபடியே சொன்னாள், ஜாக்கெட் அளவு சொல்கிற அதே குரலில்.

“கணக்கு சொல்றேன், கேட்டுக்கோ தம்பி. டார்ச்சுக்காக இறங்கினது அவர் கணக்கு. ஒரு குரல் கொடுக்காம சுவிட்சைப் போட்டது உன் கணக்கு. நீ வேணும்னே செஞ்சிருப்பேன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டே சோறு தின்னேனே, அது என் கணக்கு. அவர் தன்னோடதை அன்னிக்கே தீர்த்துட்டார். நீ உன்னோடதுக்கு மேலயே கட்டப் பார்த்திருக்கே. என்னோடதுல இன்னும் ஒரு பைசா குறையலை.”